டெஸ்க்ஸ்டார், டெத்ஸ்டார் ஆன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

"ஹார்ட் டிஸ்க்கில் எந்தக் கம்பெனி நல்லது?" என்று கடையில் கேட்டால் சட்டென்று ஒரு பெயர் சொல்வார்கள். பக்கத்துக் கடையில் அதே பெயருக்கு முகம் சுளிப்பார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கைக்கு ரிப்பேருக்கு வந்ததை வைத்துச் சொல்கிறார்கள்.

1956-ல் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம். அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பைக் கேட்க வேண்டுமா? 2000-ல் அவர்கள் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற டிஸ்க்கை இறக்கினார்கள். 75 ஜிபி வரை கொள்ளும். அப்போது அது பெரிய விஷயம். ஆனால் வாங்கிய பலருக்குக் கொஞ்ச நாளிலேயே பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று கேட்க ஆரம்பித்தது. உள்ளே சுழலும் தட்டைப் படிக்கிற முனை, தகவல் எழுதியிருக்கும் தடம் கிடைக்காமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம் அது. தட்டுகள் கண்ணாடி, மேலே மெல்லிய காந்தப் பூச்சு. செத்துப்போன சிலவற்றைத் திறந்தால், முனை உரசிய இடத்தில் பூச்சு வளையமாக உரிந்துபோய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அந்தக் காந்தப் பூச்சில்தானே எழுதியிருந்ததெல்லாம்!

டெஸ்க்ஸ்டாருக்கு 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயர் விழுந்தது. 2001-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டே ஐபிஎம் இந்தத் தொழிலை ஜப்பானிய நிறுவனமான ஹிட்டாச்சிக்கு விற்க முடிவு செய்தது.

ஹிட்டாச்சி டெஸ்க்ஸ்டார் என்ற பெயரை மாற்றவே இல்லை. துணிச்சல்தான். அப்புறம், பேக்பிளேஸ் என்ற அமெரிக்கத் தகவல் சேமிப்பு நிறுவனம், தான் ஓட்டும் பல்லாயிரம் டிஸ்க்குகளின் கணக்கை 2014 ஜனவரியில் வெளியிட்டது. அதில் மிகக் குறைவாகக் கெட்டவை ஹிட்டாச்சி டிஸ்க்குகள்!

அதே கணக்கில் அடி வாங்கியது இன்னொரு டிஸ்க் கம்பெனியான சீகேட். அதன் 3 டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி) டிஸ்க் ஒன்றின் மீது 2016-ல் வழக்கே வந்தது. வீட்டு உபயோக டிஸ்க்கை பேக்பிளேஸ் இரவு பகலாக ஓட்டிவிட்டுக் குறை சொல்லலாமா என்று கேட்டவர்களும் உண்டு. சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் அதே சீகேட்டின் 4 டிபி டிஸ்க்குகள் அதே இடத்தில் எவ்வளவோ மேலாக ஓடின. அதனால் கம்பெனிப் பெயரைவிட மாடல் எண்ணைத்தான் பார்க்கச் சொல்வேன். அதிலும் ஒரு சிக்கல்: ஒரு மாடல் நான்கு வருடம் தாங்குமா என்று தெரிய நான்கு வருடம் ஆகும். அதற்குள் அந்த மாடல் கடையில் இருக்காது.

என் வீட்டுப் படங்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு கம்பெனி. போன மாதம் ஒன்று 'டிக்' என்றது. மாற்றிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள்.

வணக்கம்.