மண்டையோடும் சாட்சி, பாட்டியும் சாட்சி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் நானே இதுவரை கேள்விப்படாத என் நற்குணங்களை எல்லாம் அடுக்கிச் சொன்ன செயலாளர் அவர்களே, இந்த அரங்கை நமக்குத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வாழ்த்துரை முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்னும் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற டாக்டர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் ஒரு பங்கை அன்போடு எடுத்துக்கொண்ட கவிஞர் அண்ணன் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, முன்வரிசையில் பெரியோர்களே, பின்வரிசையில் உண்மையிலேயே புத்தகம் படித்துவிட்டு வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் அது மறதி, மரியாதைக் குறைவு அல்ல.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, “டிராகன் இருக்கும் உலகில் டிராகனை நம்பாதவர்கள்”. செயலாளர் அவர்கள் தொலைபேசியில் சொன்னபோது, சிறுபிள்ளைகளுக்கான கூட்டம் போல என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்த விஷயத்தில் நம் பிள்ளைகள் வக்கீல்கள் தோற்கும்படி வாதாடுகிறார்கள் என்று. போன கூடுகையில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை வைத்து நடந்த சண்டையைச் சொன்னார்கள். ஒரு தம்பி எழுந்து, “அந்த ஊர் ஜனங்களுக்கு மூளையே கிடையாதா? அரண்மனையிலேயே டிராகன் மண்டையோடு கிடக்குது. அதைப் பார்த்துட்டும் வடக்கே பிசாசு வருதுன்னா சிரிக்கிறானுங்களே” என்று கேட்டாராம். உடனே ஒரு தங்கை, “அண்ணா, மண்டையோடு இருந்தது டிராகனுக்கு. பிசாசுக்கு எங்க இருக்கு?” என்று மடக்கினாராம். சபாஷ்! என் பேச்சின் பாதியை அந்தத் தங்கை ஒரே வரியில் முடித்துவிட்டார். இருந்தாலும் அழைத்துவிட்டார்கள், பேசித்தான் ஆக வேண்டும்.

மூன்று விஷயங்கள் சொல்லப் போகிறேன். ஒன்று, எலும்பு. இரண்டு, தூரம். மூன்று, மதம். 

முதலில் எலும்பு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் தன் வரிசையின் முதல் நாவலான ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நூலை வெளியிட்டார். கதை தொடங்குவது அந்த உலகத்துக் கணக்கில் 298-ஆம் ஆண்டு. கடைசி டிராகன் செத்தது 153-இல். இடைவெளி 145 வருஷம். அந்தக் கடைசி டிராகனும் சவலைப் பிள்ளை மாதிரி, வளர்ச்சி குன்றிய பிராணி. டிரியன் என்கிற குள்ள உருவப் பிரபு அரண்மனை இருட்டறைக்குள் விளக்கோடு போய்ப் பார்க்கிறான், 19 மண்டையோடுகள். மிகப் பழையது 3,000 வருஷத்துக்கும் மேற்பட்டது. கடைசி ஜோடி, நாயின் மண்டையோடு அளவுதான். தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப் போயிருக்கிறது, பாருங்கள்! ஆக, டிராகன் இருந்ததா என்று அந்த ஊரில் எவனும் கேட்கவில்லை. திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. வராது என்று சொன்னவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடக்கே உறைபனிக்கு அப்பால் இருந்து வரும் வொயிட் வாக்கர்கள், அதாவது அந்தத் தம்பி சொன்ன பிசாசுகள், அவர்களின் கதை வேறு. அவர்கள் கடைசியாக வந்து 8,000 வருஷம் ஆகிவிட்டது என்பது கர்ணபரம்பரை. எலும்பில்லை, பல்லில்லை, ஒரு நகத்துணுக்குகூட இல்லை. நம் ரசிகர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஒன்று அத்தாட்சி உள்ள வழக்கு. மற்றது வாய்ச்சொல் வழக்கு. நான் இன்றைக்கு வாய்ச்சொல்லின் வக்கீல்.

அந்தத் தம்பி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். “சரி, எலும்பு இல்லை. 700 அடி உயரத்துக்கு, 300 மைல் நீளத்துக்கு ஒரு பனி மதிலை எவனாவது சும்மா கட்டுவானா?” அருமையான கேள்வி. மதிலே சாட்சி. ஆனால் மதிலின் காவலர்களே அதை மறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இருக்கும் காட்டுக் குடிகளைத் தடுக்கத்தான் மதில் என்று நினைத்துக்கொண்டார்கள். ஏணி வைத்து ஏறும் நாலு பேரைத் தடுக்க 700 அடி எதற்கு என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

இங்கே எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று. என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இது இல்லாமல் நான் இறங்க மாட்டேன். “பழமொழி பொய்த்தால் பழையதும் சுடும்.” ஆறிப்போன பழையது என்றைக்காவது வாயைச் சுடுமா? சுடாது. பழஞ்சொல்லும் பொய்க்காது. 

நெட் ஸ்டார்க் என்று ஒரு பிரபு. நேர்மையான மனிதர், அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் இந்த அரங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அவர் மனைவி கேட்லின், மதிலுக்கு அப்பால் இன்னும் பயங்கரமானவை இருக்கின்றன என்கிறாள். கணவர், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் கிழவியை வைத்து, “நீ நேன் பாட்டியின் கதைகளை ரொம்பக் கேட்கிறாய், அதெல்லாம் செத்து 8,000 வருஷம் ஆயிற்று, எந்த மனிதனும் கண்ணால் கண்டதில்லை” என்கிற பாணியில் தள்ளிவிடுகிறார். அந்த அம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? இன்று காலை வரைக்கும் ராட்சத ஓநாயையும்தான் யாரும் பார்த்ததில்லை என்றாள். அன்றைக்குக் காலையில்தான் அவர் பிள்ளைகள் ராட்சத ஓநாய்க் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள்! பிரபுவுக்குப் பதில் இல்லை. உன்னோடு வாதாடக் கூடாது என்று பேச்சை முடித்துக்கொண்டார். தாய்மார்கள் கைதட்டலாம், தவறில்லை.

இன்னும் கொடுமை ஒன்று உண்டு. அன்றைய தினம் காலையில், வடக்கே பிசாசுகளிடம் சிக்காமல் உயிரோடு ஓடிவந்த ஒரே சாட்சியின் தலையைத் தன் கையாலேயே வெட்டியிருந்தார் அந்தப் பிரபு. பணியை விட்டு ஓடியவனுக்குச் சட்டப்படி தண்டனை. சட்டம் சரி. சாட்சி போச்சு.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஐயா, இது கொஞ்சம் நீளும்.

மதிலில் ஒருநாள் செத்த இரண்டு காவலர்களின் உடல்களைத் தூக்கிவந்து வைக்கிறார்கள். ராத்திரி அந்தப் பிணங்கள் எழுந்து ஆளைக் கொல்ல வருகின்றன. எப்படியோ நெருப்பு வைத்துச் சமாளித்தாயிற்று. தளபதி கிழவர் மார்மண்ட் விவரமானவர். வெறுங்கடிதம் எழுதினால் தலைநகரத்தில் எவனும் நம்ப மாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஒரு பிணத்தின் துண்டான கை இருக்கிறது, செத்த கை, ஆனால் விரல்கள் அசைகின்றன. அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, “இதைக் கொண்டுபோய் ராஜா கண்முன்னாலேயே வை” என்று அலிசர் தார்ன் என்கிற வீரனிடம் கொடுத்தனுப்புகிறார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கையெழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம், கையே வருகிறது!

தார்ன் கப்பலேறி, ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலைநகரம் வந்து சேர்கிறான். அங்கே அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பது யார்? நாம் முன்னே பார்த்த டிரியன். ஏற்கெனவே மதிலுக்கு வந்திருந்தபோது இந்தத் தார்னை எல்லார் முன்னாலும் கேலி செய்தவன். இரண்டு பேருக்கும் ஆகாது. “வந்திருக்கானா? காத்திருக்கச் சொல்.” காத்திருந்தான். இன்றைக்குப் பார்க்க முடியாது, அப்புறம் வா. அப்புறம் வந்தான். இப்போதும் முடியாது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்தக் காத்திருப்பு. உலகம் அழியப்போகிற சேதி ஜாடிக்குள் விரலை ஆட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பழைய கோபம் தீரவில்லை.

கடைசியில் ஒருநாள் சபைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றான். எங்கேயப்பா கை? அழுகிப்போய்விட்டது! காத்திருந்த காத்திருப்பில் சதை போய், அசைவு போய், வெறும் எலும்பு. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள் ஐயா என்று கத்துகிறான். சபை சிரிக்கிறது. டிரியன், புத்திசாலி என்று நாம் கொண்டாடும் அதே டிரியன், கொஞ்சம் மண்வெட்டிகளைத் தரச் சொல்கிறான். எதற்கு? பிணத்தைப் புதைத்துவிட்டால் எழுந்து வராதாம். சபை இன்னும் சத்தமாகச் சிரிக்கிறது.

நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தச் சபை அத்தாட்சியைச் சோதித்து நிராகரிக்கவில்லை. அழுகும்வரை வெளியே நிற்கவைத்து, அழுகியதைக் காட்டிச் சிரித்தது. நம் ரசிகர்கள் “அவர்கள் ஏன் நம்பவில்லை” என்று கேட்கிறார்கள். யார் கையில் ஜாடி இருந்தது, அவனை யாருக்குப் பிடிக்காது என்று கேளுங்கள், பாதி விடை கிடைத்துவிடும். தார்னும் நல்லவன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நல்லவன் மட்டும்தான் உண்மை சொல்வான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இந்தச் சிரிப்பு மார்ட்டினுக்கு முன்பே உண்டு. டோல்கியன் 1954-இல் வெளியிட்ட ‘தி ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்’ நூலின் தொடக்கத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. கடையின் பெயரே ‘பச்சை டிராகன்’. தோட்டக்கார சாம், அடுப்பங்கரைக் கதைகளில் நாம் நினைப்பதைவிட உண்மை அதிகம், டிராகன்களை எடுத்துக்கொள் என்று ஆரம்பிக்கிறான். மாவு மில்காரன் மகன் டெட், இந்த ஊரில் ஒரே டிராகன்தான், அது பச்சை என்று கடைப் பலகையைக் குத்திக் காட்டுகிறான். சிரிப்பு. சாம் விடவில்லை. தன் உறவுக்காரன் ஹால், வடக்கு மேட்டில் ஒரு மரம் நடந்துபோவதைப் பார்த்தான் என்கிறான். டெட், எல்ம் மரத்தைப் பார்த்திருப்பான் என்கிறான். அந்தப் பக்கம் எல்ம் மரமே கிடையாதே என்கிறான் சாம். “அப்படின்னா ஹால் அதைப் பார்த்திருக்கவே முடியாது” என்றான் டெட். கடையே கைதட்டியது! வாதத்தில் ஜெயித்தது டெட்தான். ஆனால் மரம் நடந்தது. பிற்பாடு அந்த உலகத்தில் நடக்கும் மரங்கள் ஒரு கோட்டையையே இடித்துத் தள்ளின.

அதே டோல்கியனின் 1937-ஆம் வருஷத்து ‘தி ஹாபிட்’. ஏரிமேல் கட்டிய ஒரு வணிக ஊர், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மலை, மலைக்குள் ஸ்மாக் என்ற டிராகன். சின்ன வயதில் அது பறந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொல்லும் கிழவன் கிழவிகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இளவட்டங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஊர்த் தலைவருக்கோ சுங்கமும் சரக்கும்தான் கவலை, பழம்பாட்டில் நாட்டமில்லை. ஒருநாள் இரவு மலைப்பக்கம் வெளிச்சம். ராஜா பொன் உருக்குகிறார் போலும் என்று ஒருவன் பூரிக்கிறான். டிராகனின் நெருப்பாக இருக்கும் என்று ஒரு குரல். “உனக்கு எப்பவும் கெட்டதுதான் தோணும், வெள்ளம் வரும், மீனில் விஷம்னு” என்று அவன் வாயை அடைக்கிறார்கள். அந்தக் குரல்காரன்தான் கடைசியில் அம்பு எய்து டிராகனை வீழ்த்தினான். அதற்குள் ஊர் எரிந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் தப்பியதே பெரிய காரியம்.

பழமொழி பொய்த்தால் பழையதும் சுடும். அங்கே பழமொழி பொய்க்கவில்லை. அதனால்தான் ஊர் சுட்டது.

பேராசிரியர் ஐயா அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கதைகளில் எல்லாம் படித்தவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள். டோல்கியனின் ‘ரிங்’ வரிசையில் 1955-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒரு மருத்துவ மனை. போரில் விழுந்தவர்கள் மரணப் படுக்கையில் கிடக்கிறார்கள். மருந்து ஒரு பச்சிலை. மூலிகை அறிஞர் அந்த இலைக்கு எத்தனை பெயர், எந்தெந்த மொழியில் என்ன பெயர் என்று ஒப்பிக்கிறார். அதில் சத்து ஒன்றும் இல்லை, கிழவிகள் ஏதோ பாட்டுப் பாடுவார்கள் என்கிறார். இருப்பில் ஒரு இலை இல்லை! மந்திரவாதி கண்டால்ஃப் பொறுமை இழந்து, படிப்புக் குறைந்த, விவேகம் நிறைந்த எவனாவது ஒரு கிழவனிடம் போய்க் கேள், வீட்டில் வைத்திருப்பான் என்று விரட்டுகிறார். இலை வந்தது, உயிர் பிழைத்தார்கள். அரசனின் கை குணப்படுத்தும் கை என்ற பழைய வாக்கை அங்கே ஞாபகம் வைத்திருந்தவளும் ஐயோரெத் என்கிற ஒரு வாயாடிக் கிழவிதான்.

மணி அடித்துவிட்டார்கள். தூரம், மதம் இரண்டும் நின்றுபோயின. தூரத்தைப் பற்றிக் கவிஞர் அண்ணன் தேநீர் இடைவேளையில் சொல்வார். மதத்தைப் பற்றி நான் பேசினால் இந்த அரங்கை அடுத்த முறை தர மாட்டார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நேன் பாட்டியின் கதைகளை வைத்து நீங்கள் விடிய விடிய வாதாடுகிறீர்கள். எந்தக் கதையில் எந்த வார்த்தையை அவள் சொன்னாள் என்று பக்க எண்ணோடு சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டி சொன்ன கதை ஒன்றை முழுதாகச் சொல்ல முடியுமா? கை தூக்குங்கள் பார்க்கலாம். சரி, இறக்குங்கள். நேன் பாட்டிக்கு ஒரு மார்ட்டின் கிடைத்தார். உங்கள் பாட்டிக்கு நீங்கள்தான். கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, அதில் ஒலிப்பதிவுக்கு ஒரு பொத்தானும் இருக்கிறது.

எப்படிப் பதிவது என்று கேட்கிறார்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பேச்சு நின்றுவிடும். பக்கத்தில், மடியில் வைத்துவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். “சுருக்கமா சொல்லு பாட்டி” என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். சொன்னதையே திரும்பச் சொன்னால் திருத்தாதீர்கள், இரண்டாம் முறை சொல்லும்போதுதான் முதலில் விட்ட ஆள் கதைக்குள் வருவார். முனி பார்த்தேன், பேய் பார்த்தேன் என்றால் “நிஜமாவா?” என்று கேட்காதீர்கள். “உனக்கு யார் சொன்னது?” என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும், அவருக்குச் சொன்னவர் பெயர் வரும். நம்புவதும் நம்பாததும் பிறகு உங்கள் பாடு. முதலில் ஜாடி அழுகாமல் இருக்கட்டும்.

நூலகர் அம்மா அவர்கள் பெரிய மனது வைத்து, நீங்கள் கொண்டுவரும் பதிவுகளைக் கணினியில் சேமிக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் வைத்துச் சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பின்வாங்க முடியாது. வாசலில் ஒலிபெருக்கித் தம்பியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பெயர், கதை சொல்லப்போகிறவர் பெயர், என்ன உறவு, மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். டாக்டர் அவர்களே, நீங்கள் வாசலில்தானே நிற்கிறீர்கள், முதல் பெயர் உங்களுடையது. நன்றி, வணக்கம்.