சால்வேஜ் பைக்கோட டெக்சாஸுக்கு மாறுறீங்களா? முதல்ல டைட்டிலைப் பாருங்க

[திரையில்: ட்ரெய்லர் மேல கட்டின, ஒரு பக்கம் தேஞ்ச ஸ்போர்ட்ஸ் பைக்]

வணக்கம். அமெரிக்காவுல வேலை மாறினா ஊர் மாறும், பல சமயம் மாநிலமே மாறும். கார்னா பெரிய பிரச்சினை இல்ல. ஆனா ஏலத்துல மலிவா கிடைக்குதேன்னு வாங்கிப்போட்ட சால்வேஜ் பைக், அதாவது அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட பைக், ஒண்ணு கராஜ்ல நிக்குதுன்னா, அதைப் புது மாநிலத்துல ரெஜிஸ்டர் பண்றது தனிக் கதை. இன்னிக்கு டெக்சாஸை எடுத்துக்கிட்டுப் பேசுவோம்.

நம்ம ஊர் ஆர்.சி. புக்குல ஓனர் பேரு, ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். இங்க ரெண்டும் வேற வேற. வண்டி உங்களோடதுங்கறதுக்குச் சாட்சி டைட்டில். அதை ரோட்டுல ஓட்டலாம்ங்கறதுக்கு அனுமதி ரெஜிஸ்ட்ரேஷன். சால்வேஜ் பைக்குல முதலாவது இருக்கும், ரெண்டாவது கிடைக்காது. சிக்கல் மொத்தமும் இங்கதான்.

[திரையில்: மாநிலங்கள், பக்கத்துல சதவீதம்]

ஒரு பைக் எப்படி சால்வேஜ் ஆகுது? ரிப்பேர் செலவு, வண்டி மதிப்புல ஒரு அளவைத் தாண்டிட்டா இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ்னு முடிச்சிடும். அந்த அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓக்லஹோமாவுல 60 சதவீதம், நெவாடாவுல 65, நியூயார்க்ல 75, புளோரிடாவுல 80, டெக்சாஸ்ல 100. கலிஃபோர்னியாவுல சதவீதமே கிடையாது. ரிப்பேர் செலவையும், உடைஞ்ச வண்டி என்ன விலைக்குப் போகும்ங்கறதையும் கூட்டிப் பார்ப்பாங்க. அது வண்டி மதிப்பைத் தாண்டினா சால்வேஜ்.

பைக்குக்கு இந்தக் கணக்கு ரொம்பக் கொடுமை. 4,000 டாலர் மதிப்புள்ள பைக் பார்க்கிங்ல சாஞ்சு விழுந்துடுச்சுன்னு வைங்க. ஃபேரிங், டேங்க், ஹேண்டில்பார், சைலன்சர் எல்லாம் புதுசா போட 2,800 டாலர்னு எஸ்டிமேட் வருது. அது 70 சதவீதம். எஞ்சின்ல ஒரு கீறல் கூட இல்ல, ஆனா ஓக்லஹோமாவுல அது சால்வேஜ். டெக்சாஸ்ல விழுந்திருந்தா ஆகியிருக்காது.

அப்போ டெக்சாஸுக்குக் கொண்டு போனா டைட்டில்ல விழுந்த சால்வேஜ் முத்திரை போயிடுமான்னு கேட்பீங்க. போகாது. எந்த மாநிலச் சட்டப்படி முத்திரை விழுந்ததோ, அதை அடுத்த மாநிலம் அப்படியே தூக்கிக்கிட்டு வரும். அதுக்குத்தான் என்.எம்.வி.டி.ஐ.எஸ்.னு ஒரு தேசிய டேட்டாபேஸ். 1992ல வந்த வண்டித் திருட்டுத் தடுப்புச் சட்டத்துல உருவானது. 2009லேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பழைய வண்டி யார்டுகளும் அதுக்குத் தகவல் குடுத்தே ஆகணும். மாநிலம் மாத்தி மாத்தி முத்திரையை அழிக்கிற வேலைக்கு இங்க டைட்டில் வாஷிங்னு பேரு. அதைச் செஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா, நல்லபடியா கும்பிட்டுட்டு வந்துடுங்க.

[திரையில்: டைட்டில் மாதிரி, முத்திரை இருக்குற இடம் வட்டமிட்டு]

இப்போ உங்க டைட்டிலை எடுத்து, அதுல என்ன எழுதியிருக்குன்னு எழுத்து எழுத்தாப் படிங்க.

ரீபில்ட்னு இருந்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரி. ரிப்பேர் பண்ணி, பழைய மாநிலமே ஒத்துக்கிட்ட வண்டி அது. டெக்சாஸ் டைட்டில்லயும் அந்த முத்திரை வரும், அவ்வளவுதான்.

சால்வேஜ்னு இருந்தா, ரிப்பேர் பண்ணி ரீபில்ட்டா மாத்தினாத்தான் நம்பர் பிளேட். அதுவரைக்கும் அதை ரோட்டுல ஓட்டக் கூடாது. ஸ்டார்ட் ஆகுதுங்கறதுக்காக ஓட்டிக்கிட்டே மாநிலம் தாண்டலாம்னு நினைக்காதீங்க. யூ-ஹால்ங்கற வாடகைக் கம்பெனியில பைக் ட்ரெய்லரே வாடகைக்குத் தர்றாங்க.

நான்-ரிப்பேரபிள், பார்ட்ஸ் ஒன்லி, சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன், இப்படி ஏதாவது இருந்தா? அந்த பைக் திரும்ப ரோட்டுக்கு வராது. எவ்வளவு அழகா ரிப்பேர் பண்ணினாலும் வராது. கழட்டி பார்ட்ஸா வித்துடுங்க. ஏலத்துல விலை ரொம்பக் கம்மியா இருக்குற பைக்குகள்ல பல இந்த வகைதான், அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே பாத்துடணும்.

இன்னொண்ணு, டைட்டில்ல யார் பேர் இருக்கு? வித்தவர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார், வாங்கினவர் தன் பேருக்கு மாத்தாமலே உங்ககிட்ட தள்ளிவிட்டார்னா, நடுவுல ஒரு கண்ணி அறுந்திருக்கு. பழைய மாநிலத்துல இருக்கும்போதே அதைச் சரி பண்ணிடுங்க. மாறி வந்தப்புறம் அந்த ஆளைத் தேடிக் கையெழுத்து வாங்குறது நடக்குற காரியமில்ல.

[திரையில்: ஸ்டியரிங் ஹெட்ல பொறிச்ச வின் நம்பர், க்ளோசப்]

சரி, ரிப்பேர். டெக்சாஸ்ல சால்வேஜை ரீபில்ட்டா மாத்த வி.டி.ஆர்-61னு ஒரு ஃபார்ம். எந்தெந்த முக்கியமான பார்ட் மாத்தினீங்க, எங்க வாங்கினீங்க, வேற வண்டியிலேர்ந்து எடுத்ததுன்னா அந்த வண்டியோட வின் நம்பர் (நம்ம ஊர் சேசிஸ் நம்பர் மாதிரி) என்னன்னு கேட்கும். இந்த இடத்துலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. ஃபோர்க் ஒருத்தர்கிட்ட, எஞ்சின் இன்னொருத்தர்கிட்ட, ரெண்டுமே பார்க்கிங்ல கைமாத்தி ரொக்கமா வாங்கினதுன்னா எழுத ஒண்ணும் இருக்காது.

ஏன் இவ்வளவு நோண்டுறாங்க? உங்க பிரேக் நல்லா பிடிக்குதாங்கறது இங்க ரெண்டாவது கவலை. முதல் கவலை திருட்டு. நல்ல பேப்பர் இருக்குற உடைஞ்ச பைக் ஒண்ணை வாங்கி, திருட்டு பைக்கோட எஞ்சினையும் உடம்பையும் அதுல மாட்டி விக்கிறது பழைய வித்தை. நியூயார்க்ல சால்வேஜ் வண்டியை அதிகாரிகளே நேர்ல பரிசோதிப்பாங்க. அது பாதுகாப்புப் பரிசோதனை இல்ல, திருட்டு பார்ட் இருக்கான்னு பார்க்கத்தான்னு வெளிப்படையாவே சொல்றாங்க. கலிஃபோர்னியாவுல பைக்கோட டைட்டில்லயே எஞ்சின் நம்பரும் இருக்கும். எஞ்சினை மாத்தினா மறைக்க முடியாது.

அதனால ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரசீது. தனி ஆள்கிட்ட வாங்கினா, கையெழுத்துப் போட்ட பில் ஆஃப் சேல், அதுல அந்த பார்ட் எந்த பைக்லேர்ந்து வந்ததோ அதோட வின் நம்பர். ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி உடைஞ்ச நிலைமையில நாலு பக்கமும் ஃபோட்டோ. ஸ்டியரிங் ஹெட்ல பொறிச்சிருக்குற 17 எழுத்தும் எண்ணும் டைட்டில்ல இருக்குறதும் ஒண்ணுதானான்னு பாத்துக்கோங்க. ஃப்ரேமை மட்டும் முடிஞ்சவரை மாத்தாதீங்க. சட்டத்தைப் பொறுத்தவரை ஃப்ரேம்தான் பைக்.

[திரையில்: கவுண்டி டாக்ஸ் ஆபீஸ் கவுன்டர்]

எல்லாம் ரெடின்னா கவுண்டி டாக்ஸ் ஆபீஸுக்குப் போங்க. சால்வேஜ் டைட்டில், வி.டி.ஆர்-61, டைட்டில் விண்ணப்பத்துக்கான 130-யூ ஃபார்ம், அடையாள அட்டை, இன்சூரன்ஸ். ரீபில்ட் சால்வேஜ் கட்டணம் 65 டாலர். பைக் ரெஜிஸ்ட்ரேஷன் அடிப்படைக் கட்டணம் வருஷத்துக்கு 30 டாலர், அதுமேல கவுண்டி கட்டணம் கொஞ்சம் ஏறும். 2025 ஜனவரி 1லேர்ந்து சாதாரண வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. அதுக்குன்னு வாங்கிட்டிருந்த 7.50 டாலர் மட்டும் இன்னும் வாங்குறாங்க, பேரை மாத்தி. புதுசா குடியேறினவங்களுக்கு வண்டியை ரெஜிஸ்டர் பண்ண 30 நாள் டைம்.

வரியில ஒரு கண்ணி இருக்கு. புதுசா டெக்சாஸுக்கு வர்றவங்களுக்கு வண்டி வரி வெறும் 90 டாலர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உண்மைதான். ஆனா அது பழைய மாநிலத்துல உங்க பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருந்த வண்டிக்கு மட்டும். ஏலத்துல வாங்கி கராஜ்லயே கிடந்த சால்வேஜ் பைக் எங்கயுமே உங்க பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்காது. அதுக்கு 6.25 சதவீதம். பழைய மாநிலத்துல விற்பனை வரி கட்டியிருந்தா அந்த ரசீதைக் காட்டுங்க, அதைக் கழிச்சுப்பாங்க.

பைக் இன்னும் பிரிச்சுப் போட்ட நிலையில இருந்தா, அங்கயே அவசரமா ரிப்பேர் பண்றதா, டெக்சாஸ் வந்து பண்றதா? என்னைக் கேட்டா, ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்து இங்க நிதானமா பண்ணுங்க. இங்க நடைமுறை பெரும்பாலும் பேப்பர்லயே முடியும். ரிப்பேர் கிட்டத்தட்ட முடிஞ்சதுன்னா மட்டும் அங்கயே ரீபில்ட் டைட்டில் வாங்கிட்டு கிளம்புங்க. அங்கயே உங்க பேர்ல ரெஜிஸ்டரும் ஆகியிருந்தா பைக்கை ஓட்டிக்கிட்டே வரலாம், அந்த 90 டாலர் வரியும் கிடைக்கும்.

இன்சூரன்ஸை டாக்ஸ் ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. ரீபில்ட் பைக்குக்கு லயபிலிட்டி, அதாவது அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ், சுலபமா கிடைக்கும், டெக்சாஸ் சட்டத்துக்கு அது போதும். மோதல்ல உங்க பைக்குக்கே ஆகுற சேதத்துக்கான கொலிஷன் கவரேஜ் பல கம்பெனிகள் தர மாட்டாங்க, தர்றவங்களும் பைக் மதிப்பைக் குறைச்சுத்தான் போடுவாங்க. ஃபோன்ல கேட்கும்போது ரீபில்ட் டைட்டில்னு முதல்லயே சொல்லி, அவங்க சொல்ற பிரீமியத்தை எழுத்துல வாங்கிக்கோங்க. உங்க லைசென்ஸை டெக்சாஸுக்கு மாத்த 90 நாள் இருக்கு. மாத்தும்போது பைக்குக்கான கிளாஸ் எம் அதுல ஏறியிருக்கான்னு கவுன்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.