சர்க்கார்கிட்டயே 100 ரூபா நஷ்டஈடு வாங்குன சேலத்து வக்கீல்

வணக்கம் மக்களே, போன வீடியோல காத்து சத்தம்தான் கேக்குதுன்னு திட்டி தீர்த்துட்டீங்க, அதனால இன்னைக்கு ஃபேனை கூட ஆஃப் பண்ணிட்டு வேர்த்துக்கிட்டே பேசுறேன். சேலம் விஜயராகவாச்சாரியார். பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும், ஆனா ஆளு யாருன்னு கேட்டா பாதி பேரு ராஜாஜியான்னு திருப்பி கேப்பாங்க. இல்லைங்க, ராஜாஜிக்கு முந்தின தலைமுறை, இவரும் சேலத்துல வக்கீல்தான்.

1852ல செங்கல்பட்டு பக்கம் பொன்விளைந்த களத்தூர்ல பொறந்தவர். கொஞ்ச நாள் வாத்தியார் வேலை, அப்புறம் கிளாஸுக்கே போகாம சட்டப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி 1881ல சேலத்துல பிராக்டிஸ் ஆரம்பிக்கிறாரு. அடுத்த வருஷமே முனிசிபல் கவுன்சிலர். எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, அதே 1882ல ஊருக்குள்ள இந்து முஸ்லிம் கலவரம், தூண்டி விட்டதே இவர்தான்னு கேஸ் போட்டு 10 வருஷம் ஜெயில்னு தீர்ப்பே குடுத்துட்டாங்க! பிராக்டிஸ் ஆரம்பிச்சு ஒரு வருஷம்தாங்க ஆகுது, யோசிச்சு பாருங்க. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போய், எர்ட்லி நார்ட்டன்னு ஒரு வெள்ளக்கார வக்கீல் வாதாடி, விடுதலை ஆயிட்டாரு.

நானா இருந்தா சாமி தப்பிச்சோம்டான்னு ஊரை விட்டே போயிருப்பேன். இதுக்கு நடுவுல முனிசிபல் கவுன்சிலர் பதவியில இருந்தும் தூக்கியிருந்தாங்க, இவரு என்ன பண்ணாருன்னா, என்னை எப்படி கவுன்சில்ல இருந்து தூக்கலாம்னு இந்தியா மந்திரி மேலயே கேஸ் போட்டு, அதான் லண்டன்ல உக்காந்திருந்த செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், 100 ரூபா நஷ்டஈடும் வாங்கிட்டாரு. தொகையை விடுங்க, கட்டுனது யாருன்னு பாருங்க.

அதுக்கப்புறம் கிராஃப் மேலதான். 1895ல மெட்ராஸ் சட்டசபை, 1913ல இருந்து 1916 வரைக்கும் டெல்லியில இம்பீரியல் சட்டசபை, அதாவது பிரிட்டிஷ் இந்தியா முழுசுக்குமான சபை. இம்பீரியல்னா என்னமோ பெரிய பவர்னு நெனச்சுடாதீங்க, வெள்ளக்கார சர்க்கார் 1909ல கொண்டு வந்த மிண்டோ மார்லி சட்டப்படி கேள்வி கேக்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம், ஆனா மெஜாரிட்டி சர்க்கார் ஆளுங்ககிட்டதான், ஓட்டுக்கு விட்டா தோக்க வேண்டியதுதான். கோர்ட்ல சர்க்காரை ஜெயிச்சவருக்கு இந்த சபை எப்படி இருந்திருக்கும்? எனக்கு அதை நெனச்சாதான் கொஞ்சம் பாவமா இருக்கு.

1920ல நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்கு இவர்தான் தலைவர். காந்தியோட ஒத்துழையாமை தீர்மானம் அங்கதான் உறுதியாச்சு, ஆனா தலைவர் நாற்காலியில உக்காந்திருந்த இவருக்கு அதுல உடன்பாடே கிடையாது. கோர்ட்டை புறக்கணிங்க, கவுன்சிலை புறக்கணிங்கன்னு சொன்னா, அந்த ரெண்டு இடத்துலயும் சண்டை போட்டே ஆளான மனுஷன் எப்படிங்க தலையாட்டுவாரு?