மீட்டரில் 230 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் ஏன் சுற்றவில்லை?

அடுத்த கேள்வி கானாடுகாத்தானில் இருந்து ஒரு ஆச்சி அனுப்பியது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மெயின் போர்டு முகப்பில், 1 எச்.பி. தண்ணீர் மோட்டார் பின்கட்டுக் கிணற்றடியில். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதாம், சுற்றுவதில்லை. எலக்ட்ரீசியன் மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, அங்கே மீட்டர் வைத்துப் பார்த்து, "230 வோல்ட் சரியாக வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது" என்கிறார். புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

ஆச்சி, இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த 230 எப்போது அளந்தது என்று பாருங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு அளந்தது. அப்போது ஒயரில் கரண்ட் ஓடவே இல்லை என்று சொல்லலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். அது இழுப்பது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் இரண்டு பங்குதான்.

ஒயருக்கும் மின்தடை உண்டு. அதில் எவ்வளவு வோல்ட் இழப்போம் என்பது கரண்ட்டையும் தடையையும் பெருக்கினால் வரும். ஓம் 1827-இல் எழுதி வைத்த கணக்குதான் இது. கரண்ட் இல்லையென்றால் இழப்பும் இல்லை. அதனால் ஒயர் எவ்வளவு மெலிந்திருந்தாலும் மீட்டர் 230 காட்டத்தான் செய்யும்.

இப்போது மோட்டாரைப் போடுவோம். போர்டிலிருந்து கிணற்றடி 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக ஒயர் 120 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் தடை ஏறக்குறைய 1.4 ஓம். ஓடும்போது 6 ஆம்பியர் எடுக்கிற மோட்டார், கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். 25 ஆம்பியர் என்றால் 35 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 195 வோல்ட். இதில் இன்னொரு சங்கடம், மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிப்படி குறையும். 230-இல் 100 என்றால் 195-இல் 72தான். பம்பு கொஞ்சம் இறுகியிருந்தால் அது போதாது, உறுமிக்கொண்டு நிற்கும்.

பழைய வீடுகளில் எனக்குப் பெரிய கவலை ஜாயின்ட்தான். அலுமினிய ஒயரையும் செம்பையும் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அங்கே 1 ஓம் சேர்ந்தால்கூட, 6 ஆம்பியரில் 36 வாட் வெப்பம் ஒரே புள்ளியில். அது தேக்கு உத்தரத்தை ஒட்டிப் போகிற ஒயராக இருந்தால் என்ன ஆகும்! தயவுசெய்து அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீசியனை மறுபடி கூப்பிட்டு, மோட்டார் உறுமும்போதே இரண்டு இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். முகப்பில் 230 நின்று கிணற்றடியில் மட்டும் இறங்கினால் ஒயர் அல்லது ஜாயின்ட். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு இழுத்தால் தடை அரை ஓம் பக்கம் வந்துவிடும். முகப்பிலேயே இறங்கினால் வெளி லைன், ஈ.பி.யில் சொல்ல வேண்டியதுதான். பின்கட்டில் ஸ்டெபிலைசர் வைப்பது தீர்வல்ல. அது வோல்டேஜைத் தூக்க அதே ஒயரில் இன்னும் அதிகமாகக் கரண்ட் இழுக்கும்.

இரண்டு இடத்திலும் வோல்டேஜ் நின்று, அப்போதும் உறுமினால் மோட்டார் கிளம்ப உதவும் கப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், பம்பு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அளக்க சில நொடி போதும், உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுற்றாமல் நிற்கிற மோட்டாரில் அந்த 25 ஆம்பியரும் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகிவிடும்.