பெயரைத் தட்டிக்கொண்டு போன சாவி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கைப்பைக்குள் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டே எனக்குக் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'மூடநம்பிக்கை உடல்நலத்தைக் கெடுக்கிறதா, மனத்துக்குத் தெம்பு கொடுக்கிறதா?' இதுதான் தலைப்பு. கெடுக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது தனிமைப்படுத்தல்தானே, முன்னோர் என்ன முட்டாள்களா?" என்று கேட்டார். கைதட்டல் பறந்தது, நானும் தட்டினேன். வேப்பிலையைப் பார்த்ததும் விருந்தாளி வாசலோடு திரும்பினார், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியம்மையை ஒழித்தது அந்த வேப்பிலை இல்லை, வீடு வீடாக வந்து அம்மை குத்தியவர்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 'ஆத்தா கோபித்துக்கொள்வாள்' என்று கதவைச் சாத்திய வீடுகளையும் தாண்டித்தான் அது நடந்தது.

சரி, தெம்புக்கு வருகிறேன். என் சிறுவயதில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. "சாவி, சாவி!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். ஒருவர் கொத்துச் சாவியை அவர் கையில் திணித்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. "பாத்தியா!" என்றார் சாவி கொடுத்தவர். எனக்கும் அந்தச் சாவிமேல் பல வருஷம் பக்தி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பெரும்பாலும் வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் என்று. கையில் வெண்டைக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சாவி தேடிய அவசரத்தில் அவரை ஒருக்களிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நடுவர் அவர்களே, சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தானாகத் தீர்ந்தால் பெயர் சாவிக்கு. தீராவிட்டால் பழி தலையெழுத்துக்கு. சாவி எந்த ஆட்டத்திலும் தோற்பதே இல்லை!

வலிப்பைப் பற்றிய பயத்தைச் சட்டமும் சுமந்தது. அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடை என்ற வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-ல்தான் நீங்கியது. சட்டம் விட்டுவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்கள் விடவில்லை. மாத்திரையைப் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற மருமகள்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"பாம்புக்கடிக்கு மந்திரித்துப் பிழைத்தவர் எத்தனை பேர் தெரியுமா?" என்றும் கேட்டார்கள். தெரியும். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். சாரைப்பாம்பு கடித்தவருக்கு நான் மந்திரித்தாலும் பிழைப்பார்!

கட்டுவிரியனிடம் இந்தக் கதை நடக்காது. ராத்திரி, தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. மந்திரிக்கிறவர் வேப்பிலையை மெல்லச் சொல்வார், கசந்தால் விஷமில்லையாம். கட்டுவிரியன் கடித்தவருக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். அந்த விஷத்துக்கு நாக்கின் ருசியோடு என்ன வேலை? நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கிற இடத்தை அது அடைக்கிறது. வயிறு வலிக்கும், இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. அப்போது தேவை விஷமுறிவு மருந்தும் சுவாசக் கருவியும். அரசு மருத்துவமனையில் அந்த மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. கயிறு மந்திரித்து முடிவதற்குள் போவது, அங்கே போய்ச் சேர வேண்டிய நேரம்.

பாரம்பரியம் என்று எதிரணி மார்தட்டினால் இதற்குத் தட்டட்டும்: மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பச்சிலை வைத்தியத்தில் பேர்போன அந்தப் பரம்பரை எடுத்துக் கொடுக்கிற விஷத்தை வைத்துத்தான் இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அண்ணே, ராத்திரி கொல்லைப்பக்கம் போகும்போது காலில் சுருக்கென்று ஏதோ தைத்தால், பையிலிருக்கிற உங்கள் கார் சாவியை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவீர்கள்?