சிறகில் ஒரு பொய் நரம்பு

நேயர்களுக்கு வணக்கம். பூச்செடியின் பக்கத்தில் ஒரு சிறு பூச்சி அந்தரத்தில் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டாற்போல நிற்கும். கையை நீட்டினால் ஒரு முழம் விலகிப் போய் மறுபடி நிற்கும். உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். "குளவி, தள்ளி வா" என்று பிள்ளையை இழுத்துக்கொள்வோம். பாவம், அதனிடம் கொடுக்கே கிடையாது. அது ஓர் ஈ. சிலர் பூ ஈ என்பார்கள், சிலர் சிர்பிட் ஈ என்பார்கள். நான் மிதவை ஈ என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

கொட்டத் தெரியாதது கொட்டுவதைப் போல வேடம் போட்டால் பறவைகள் அஞ்சி விட்டுவிடும். அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் விளக்கிய தந்திரம் இது. மிதவை ஈக்களில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 6000க்கும் மேல். அவற்றில் பல இப்படி வேடம் கட்டியவை.

வேடத்தைக் கலைப்பது எளிது. தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகு, ஈக்கு இரண்டு. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடம்பைச் சமனாக வைப்பவை அவைதாம். குளவியின் உணர்கொம்பு நீளமானது. மிதவை ஈயின் உணர்கொம்பு பெரும்பாலும் முகத்தில் ஒட்டவைத்த கட்டையான துண்டு போலத்தான் இருக்கும். இவ்வளவும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஈ என்பது சரி, மிதவை ஈதான் என்று எப்படிச் சொல்வது? சிறகைப் பாருங்கள். நான் எங்கே பேசப் போனாலும் இந்த இடத்துக்கு வந்துவிடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். சிறகின் நடுவில், இரண்டு நெடு நரம்புகளுக்கு இடையே, இன்னொரு கோடு ஓடும். மற்ற நரம்புகள் ஒன்றோடொன்று சேரும், அல்லது விளிம்பைத் தொடும். இது எதிலும் சேராது. சும்மா தொடங்கும், சும்மா முடியும். உண்மையில் அது நரம்பே இல்லை, சிறகுச் சவ்வின் ஒரு தடிப்பு. அதனால் அதற்குப் பொய் நரம்பு என்று பெயர். மிகச் சில இனங்களில் மங்கியிருக்கும், அல்லது இருக்காது. மற்றபடி, பொய் நரம்பைக் கண்டுவிட்டால் மிதவை ஈதான். வேடிக்கையைப் பாருங்கள்: வண்ணம் முழுக்க ஏமாற்று, பொய் என்று பெயர் வாங்கிய நரம்பு மட்டும் மெய் பேசுகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்க காலத்தில், குளிர் மிகுந்த ஒரு காலையில், ஒரு மிதவை ஈயைப் பிடித்தேன். வயிறு ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. இடையிடையே நூலிழை போல மஞ்சள். என்னிடம் இருந்த படங்கள் எதிலும் அப்படி ஓர் ஈ இல்லை. புதிய இனம்! அன்றிரவு தூங்கவில்லை. இரண்டு பக்கம் விவரித்து எழுதினேன், படம் வரைந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெயர்கூட வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எனக்குப் பூச்சியியல் சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் ஓடினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "வயிறு கறுப்பு என்று பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், ஐயா. சிறகுக்கு ஒரு வரிகூட இல்லையே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே அளவு ஈக்கள், பிடித்த மாத வரிசையில் குத்தப்பட்டிருந்தன. இந்தப் பக்கம் ஆரஞ்சு, அந்தப் பக்கம் கறுப்பு, நடுவில் கொஞ்சங்கொஞ்சமாக இருட்டிக்கொண்டே போகும் வரிசை. "இதில் உங்கள் இனம் எந்த ஈயில் தொடங்குகிறது, காட்டுங்கள்" என்றார். காட்ட முடியவில்லை.

அந்த ஈயின் பெயர் எபிசிர்பஸ் பால்டியேட்டஸ். லத்தீனில் கச்சை கட்டியது என்று பொருள். அதன் வயிறு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும்; மூன்றாம் நான்காம் வளையங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் பட்டைகள்: ஒன்று தடித்தது, மற்றொன்று அரும்பு மீசை போல மெலிந்தது. கூட்டுப்புழுவாக இருக்கும் நாட்களில் குளிர் மிகுந்தால் கறுப்பு பரவும், வெப்பம் மிகுந்தால் ஆரஞ்சு ஓங்கும்.

அவர் சொல்லியும் மனம் ஒப்பவில்லை. செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பிய ஒரு கொப்பை ஒடித்துவந்து, அதில் ஒரே தாய் இட்ட முட்டைகளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தேன். புழுவுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. ஆனால் அசுவினியைக் கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, உறிஞ்சிச் சக்கையை எறியும். முழுதாக வளர்வதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். கூடு கட்டியதும் பாதியைக் குளிரிலும் பாதியை வெதுவெதுப்பான அறையிலும் வைத்தேன். வெளியே வந்தபோது அண்ணன் தம்பிகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கூட்டம் கறுப்பு, ஒரு கூட்டம் ஆரஞ்சு. என்னுடைய புதிய இனம் குளிர்ந்த குடுவையிலிருந்து பொரிந்து வந்துகொண்டிருந்தது.

வண்ணத்தை நம்பி ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். எரிஸ்டாலிஸ் டினாக்ஸ் என்ற மிதவை ஈ தேனீயை அச்சாக உரித்து வைத்தது போல இருக்கும். அதன் புழு அழுகிய நீரில், வால் போல நீளும் மூச்சுக்குழாயோடு வாழும். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் நம்பியதற்கு இந்த ஈயே காரணம் என்று கருதப்படுகிறது. தேன் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை போலும். அவர்கள் லென்சு இல்லாதவர்கள், மன்னிக்கலாம். இன்று கைலென்சு வைத்துப் பார்த்தால், அதன் கண்ணின் மேலேயே அடர்ந்த மயிர் இரண்டு செங்குத்துப் பட்டைகளாக நிற்பது தெரியும். அந்தப் பட்டைகளைத் தேனீயின் கண்ணில் தேட வேண்டாம்.

ஆகவே விவரிக்கும்போது வண்ணத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் கண்: இரண்டும் உச்சியில் முட்டினால் பெரும்பாலும் ஆண், இடைவெளி விட்டால் பெண். பிறகு முகம், உணர்கொம்பு, சிறகு நரம்பு, கால், எங்கே மயிர் உண்டு, எங்கே இல்லை. இல்லை என்பதையும் எழுத வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நெருங்கிய இனங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைத்தான் நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்மானிக்க முடியும்.

பெயரிடும் விதிகளை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முட்டை வளர்த்த கதையில் நேரம் போய்விட்டது. சுருக்கமாக: விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம், உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டுப் பட்டியல். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் பொதுவாக முந்தியதே நிற்கும். புதிதாகப் பெயரிடுபவர் மூல மாதிரி ஒன்றை, அதாவது அந்தப் பெயருக்குச் சான்றாக நிற்கும் ஓர் உடலை, குறிப்பிட்டாக வேண்டும். ஐயம் எழுந்தால் பிறர் திரும்பிப் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

நான் பிடித்த ஈ மூல மாதிரி ஆகவில்லை. பெரியவரின் பெட்டியில், கறுப்பு ஓரத்தில், 1776இல் டி கீர் என்ற பூச்சியியலாளர் வைத்த பால்டியேட்டஸ் என்ற அந்தப் பழைய பெயரின் கீழ்க் குத்தப்பட்டிருக்கிறது. பக்கத்தில் என் குடுவையில் பிறந்த ஆரஞ்சு ஈ ஒன்றும் இருக்கிறது. வணக்கம்.