விடுமுறை சீசனில் தினமும் மேடை: காதும் கையும் தாங்க வேண்டுமே!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கேமராவை ட்ரைபாடில் வைத்துவிட்டு, கிடாருக்குப் புது ஸ்ட்ரிங்ஸ் மாட்டிக்கொண்டே பேசப் போகிறேன். சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி. நாளைக்கு மதியம் ஒன்று, இரவு இன்னொன்று. விடுமுறை சீசன் தொடங்கிவிட்டால் வாசித்துப் பிழைக்கிற எங்களுக்கு இப்படித்தான். மற்ற மாதங்களில் சனி ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்திருப்போம். இந்தச் சில வாரங்களில் எல்லாக் கிழமையும் ஞாயிற்றுக்கிழமைதான். அடுத்து வரும் மந்தமான மாதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் சம்பாதிக்க வேண்டும் என்பதால், வருகிற எதையும் விட மனம் வராது.

சீசன் எப்படிப் போகிறது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மேடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மேடையில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாசிக்க ஆரம்பித்தால் களைப்பு எங்கே போனது என்றே தெரியாது. ஒரு வாத்தியக்காரரைச் சாய்ப்பது ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் நடுவில் உள்ள நேரம். அந்த இடைவெளியில் காதும் கையும் தொண்டையும் ஓய்வெடுத்தனவா, இல்லையா? இதை மட்டும் சரியாகப் பார்த்துக்கொண்டால் சீசனின் கடைசி நிகழ்ச்சியும் முதல் நிகழ்ச்சி மாதிரியே இருக்கும். இளம் கலைஞர்கள் நிறைய பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள், அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காது. அமெரிக்காவில் நியோஷ் என்று ஒரு தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்கலாம் என்று அது ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சத்தத்தை டெசிபெல் என்ற அளவில் கணக்கிடுவார்கள். 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவருக்கு 97 எல்லாம் சர்வ சாதாரணம். அங்கே இரண்டு மணி நேரம் நின்றால் அன்றைய வரம்பைப் போல நான்கு மடங்கு காதுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மதியமும் இரவும் வாசித்தால் எட்டு மடங்கு. மாதத்துக்கு நாலைந்து நிகழ்ச்சி வாசிக்கும்போது காதுக்கு நடுவில் ஓய்வு கிடைக்கிறது. சீசனில் அந்த ஓய்வு இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு காதுக்குள் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. அவைதான் அதிர்வை நரம்புக்கான சைகையாக மாற்றுகின்றன. மனிதர்களுக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது காது அளவுக்கு மீறி அடிபட்டதற்கான அறிகுறி. காலையில் சரியாகிவிட்டது என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

இதோ, இந்தச் சின்ன டப்பாவைப் பாருங்கள். கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். இவை இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்கள். ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் சாதா அடைப்பான் கீச்சு ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். சிம்பல் காணாமல் போகும், பாடகரின் சொற்கள் மங்கும், பேஸ் மட்டும் குமுறிக்கொண்டிருக்கும். அதனால்தான் பலர் அதை மாட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதற்குள் இருக்கும் ஃபில்டர் எல்லா ஒலிகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபெல் ஃபில்டர் போட்டால் 97 என்பது 82 ஆகிவிடும். பாட்டு அதே பாட்டுதான், தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும். பழக ஒன்றிரண்டு ஒத்திகை பிடிக்கும், அதனால் சீசன் நடுவில் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்.

இன்-இயர் மானிட்டர், அதாவது மேடையில் நம் வாசிப்பை நாமே கேட்கக் காதுக்குள் மாட்டும் கருவி, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு வாசிப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒற்றைக் காதில் கேட்கும்போது அதே ஒலி குறைவாகத் தோன்றும். உடனே கை வால்யூமைத் திருகும். திறந்திருக்கும் காதை மேடைச் சத்தம் தாக்கும், மூடிய காதை நாமே தாக்குவோம். ஆரவாரம் வேண்டுமென்றால் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை என் காதுக்கு வரும் மிக்ஸில் (எல்லா ஒலிகளும் சேர்ந்த கலவையில்) கொஞ்சம் கொடுங்கள் என்று சவுண்ட் இன்ஜினியரிடம் கேளுங்கள். நல்ல இன்ஜினியர் சந்தோஷமாகச் செய்து தருவார். அப்புறம், ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குப் போகிற வண்டியில் பாட்டே போடாதீர்கள். அந்த அமைதியும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

சரி, ஆறாவது ஸ்ட்ரிங் ஏறிவிட்டது. புது ஸ்ட்ரிங்கை இப்படி மெதுவாக இழுத்து இழுத்து, திரும்பத் திரும்ப சுருதி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும்.

சுருதி என்றதும் சீசனுக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்லியாக வேண்டும். தினமும் இடம் மாறுகிறது. ஒரு நாள் திறந்தவெளி, மறுநாள் ஏசி அரங்கம், அடுத்த நாள் சூடான விளக்குகளுக்குக் கீழே. சூட்டில் கம்பி விரியும், இழுவிசை குறையும், கிடார் சுருதி இறங்கும். புல்லாங்குழல், சாக்ஸபோன், ட்ரம்பெட் எல்லாம் இதற்கு நேர் எதிர். காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். 0 டிகிரியில் வினாடிக்கு ஏறக்குறைய 331 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி, 20 டிகிரியில் 343 மீட்டர் போகிறது. குழலுக்குள் இருக்கும் காற்று முழுவதும் 10 டிகிரி சூடானால், ஒரு அரைச்சுரத்தில் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள வித்தியாசம்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி ஏறிவிடும். ஒரே மேடையில் நான் இறங்குகிறேன், பக்கத்தில் நிற்பவர் ஏறுகிறார். கீபோர்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது! அதனால் எங்கள் குழுவில் கீபோர்டின் 440 ஹெர்ட்ஸுக்குத்தான் (நடு 'ஏ' சுரம் வினாடிக்கு 440 முறை அதிரும் அளவு) எல்லோரும் வந்து சேர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஊதுகிறவர்கள் நன்றாக ஊதிச் சூடேற்றிய பிறகுதான் சுருதி பார்ப்போம். க்ரீன் ரூமில் பார்த்த சுருதியை நம்பி மேடை ஏற மாட்டோம்.

440 என்பது 1939ல் லண்டனில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில் முடிவான அளவு. ஆனால் அரங்கத்தில் ஏற்கெனவே இருக்கும் அசல் பியானோவுக்கு அந்த மாநாடு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி ஒரு பியானோவோடு வாசிக்க வேண்டுமென்றால் அது எந்த அளவில் இருக்கிறது என்று முன்பே விசாரித்துவிடுங்கள். சுருதி பார்க்கும் கருவியான ட்யூனர்களில் பெரும்பாலானவற்றில் அடிப்படை அளவை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

மர வாத்தியம் வைத்திருப்பவர்கள் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். 45 முதல் 55 சதவீதம் வரை மரத்துக்கு நிம்மதி. வெளியே கடும் குளிர், உள்ளே ஹீட்டர் என்றால் காற்று வறண்டு மரம் சுருங்கும், வெடிக்கவும் கூடும். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த கிடாரை உடனே பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். பெட்டியோடு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

கை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. கை சில்லென்று இருந்தால் நரம்பும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் முதலில் கையைச் சூடாக்குங்கள், அப்புறம் மெதுவான பயிற்சி. இரவில் வாசித்தது போதாதென்று பகலில் மணிக்கணக்கில் சாதகம் செய்வது சீசனில் வேண்டாம். லியோன் ஃப்ளைஷர் என்ற பெரிய பியானோ கலைஞருக்கு 1960களின் நடுவில் வலது கை விரல்கள் தாமாக மடங்க ஆரம்பித்தன. முப்பதுகளில் இருந்தார், புகழின் உச்சியில் இருந்தார். பிறகு பல பத்தாண்டுகள் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையைத்தான் பெரும்பாலும் வாசித்தார். வலியை மறைத்துக்கொண்டு வாசித்துத் தள்ளுவதை வீரம் என்று நினைக்கிறவர்கள் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

பாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தொண்டை கெடுவது பெரும்பாலும் பாட்டால் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் டிஜே ஆரம்பித்துவிடுவார், அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று எல்லோரிடமும் பேசிக்கொண்டிருப்போம் பாருங்கள், அதனால்தான். சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்கே தெரியாமல் நம் குரலும் உயரும். எட்டியன் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே இதை விவரித்திருக்கிறார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். பேச வேண்டுமென்றால் வெளியே வந்து பேசுங்கள். குரல் கம்மிவிட்டால் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாது, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஓய்வு.

அடுத்து, ஒரே பாட்டுகளைத் தினமும் வாசிக்கச் சலிக்காதா என்று கேட்கிறீர்கள். இதில் எனக்கு உறுதியான ஒரு எண்ணம் உண்டு. 'சைலன்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊர்த் தேவாலயத்தில் அதை முதன்முதலாகப் பாடியபோது இரண்டு குரல்களும் ஒரு கிடாரும்தான். சொற்கள் யோசெஃப் மோர், இசை ஃப்ரான்ஸ் சேவர் க்ரூபர். சிக்ஸ் எயிட் தாளத்தில் மெதுவாகத் தொட்டில் ஆடுகிற பாட்டு அது. அதன் மேல் ஸ்ட்ரிங்ஸ், பெல்ஸ், பெரிய கோரஸ் எல்லாம் ஏற்றி ஏற்றி, நமக்கே அலுத்துப் போகும் அளவுக்கு ஆக்கியிருக்கிறோம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு குரல், ஒரு கிடார் என்று வாசித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். எனக்குத்தான் தினமும் வாசிக்கிற பாட்டு, எதிரே இருப்பவருக்கு இந்த ஆண்டில் ஒருமுறை கேட்கிற பாட்டு. அவருக்கு நான் ஏனோதானோ என்று வாசிக்க முடியாது.

கடைசியாக புக்கிங். சீசனில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், சவுண்ட் செக் எப்போது, வாசிப்பு எப்போது தொடங்கி எப்போது முடியும், நடுவில் எத்தனை இடைவேளை, அட்வான்ஸ் எவ்வளவு, ரத்தானால் என்ன, நேரம் நீண்டால் எவ்வளவு. ஒரு விழாவில் உரைகள் இழுத்துக்கொண்டே போய், நாங்கள் ஏற வேண்டிய நேரம் கடந்து, முடிக்க வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது. "எப்படியும் இங்கேதானே இருக்கிறீர்கள், முழுசாக வாசித்துவிட்டுப் போங்கள்" என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். காத்திருந்த நேரமும் எங்கள் நேரம்தான் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எழுத்தில் இருந்ததால் கூடுதல் நேரத்துக்குப் பணம் வந்தது.

ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி எடுக்கிறீர்கள் என்றால் பயண நேரத்தை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். கழற்றி ஏற்றும் நேரம், இறக்கி மாட்டும் நேரம், நடுவில் காதுக்கு அமைதி, எல்லாம் சேர வேண்டும். அந்தக் கணக்குக்குள் வராத நிகழ்ச்சியை நான் நம்பிக்கையான இன்னொரு கிடாரிஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். செட் லிஸ்ட், ஸ்கேல், டெம்போ எல்லாவற்றையும் எழுதி அவருக்கு அனுப்பிவிடுவேன். எனக்கு முடியாமல் போகிற நாளில் அவர் வருவார், அவருக்கு முடியாத நாளில் நான் போவேன்.

ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சுருதியில் நின்றுவிட்டன, நான் கிளம்புகிறேன். இன்-இயர் மிக்ஸை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை அடுத்த வீடியோவில் மேடையிலிருந்தே காட்டுகிறேன். காதடைப்பான் இன்னும் வாங்காதவர்கள் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.